ஐந்தாவது குமிழ்

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
தொட்டியை நீட்டுகிறான் ஒவிதியோ.
"பஞ்சு மாதிரி ஏதோ படருது, தெயனிரா."
உள்ளே வேண்டாம் என்கிறேன்.
செடியைச் சொன்னேன்.
அவனையும்தான்.

பிரிந்தபோது வீட்டை அவன் கேட்கவில்லை,
வண்டியை நான் கேட்கவில்லை.
இந்த ஒரு கட்லேயாவுக்காகத்தான்
கத்தியைத் தீயில் காட்டி
கிழங்கை நடுவில் அறுத்தோம்.
நான்கு குமிழ் அவனுக்கு, ஐந்து எனக்கு.
அந்த ஐந்தாவதைப் பற்றி
ஃபுசகசுகா முழுக்க இன்னும் பேச்சு.

தொட்டி குளியலறைக்குப் போகிறது,
என் செடிகளிலிருந்து இரண்டு கதவு தள்ளி.

அவன் பையிலிருந்து எடுக்கிறான்
ஒரு ஆரஞ்சு சோடா பாட்டில்.
பாதிவரை பால்நிறத் திரவம். பெயரில்லை, அளவில்லை,
உரக்கடைக்காரர் ஊற்றிக் கொடுத்தாராம்.
"ஒரே தெளிப்பு. வேர்வரைக்கும் போகும்."

சோடா பாட்டிலில் விஷம்.
பக்கத்து வீட்டு யெய்சனுக்கு ஆறு வயது,
தாகமெடுத்தால் என் சமையலறைக்குத்தான் வருவான்.
சுவரில் பழைய கிடார்ப் பெட்டிக்குள்
ஆங்கெலிதா தேனீக்கள். கொசுவளவு, கொட்டத் தெரியாதவை.
மெழுகுக் குழாய் வாசலில்
ஒன்றிரண்டு எப்போதும் அந்தரத்தில் காவல்.
இன்று மட்டும் பூப்பக்கம் போகாதீர்கள் என்று
அவற்றிடம் யார் சொல்வது?

கடையிலேயே திருப்பிக் கொடு,
சாக்கடையில் ஊற்றாதே என்கிறேன்.
முகம் சுருங்குகிறது.
பன்னிரண்டு வருடம் பார்த்த சுருக்கம்.

நான் பொய்ப்பல் செய்பவள்.
தலைவிளக்கு, மெல்லிய தூரிகை, பொறுமை
மூன்றும் கைவசம்.
வியாழனன்று ஒரே ஓர் இலையில் தடவி வைத்தேன்.
ஞாயிறுவரை கருகவில்லை.

அடுப்பை அணைத்தாயா? ஜன்னல்? கையுறை?
எழுபது சதவீத ஆல்கஹால்,
பஞ்சுக்குச்சி நனையும் அளவு, சொட்டும் அளவல்ல.
சருகுத்தோலை மேலிருந்து உரிக்கிறேன்.
வெங்காயத்தோல் சத்தம்.
அடியில் வட்ட வட்டமாய்,
தேநீர்க் கறை நிறத்தில்,
வாயைப் புதைத்து உட்கார்ந்த இடத்திலேயே
ஓர் ஆயுள்.
ஓட்டின்மேல் நாள்முழுக்கத் துடைக்கலாம்,
ஓடுதான் பளபளக்கும்.
நகத்தால் பெயர்க்கவேண்டும். அப்புறம்தான் மருந்து.

குருத்துக்குள் ஒரு துளி இறங்காமல்
செடியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறது ஒரு கை.
எப்போது உள்ளே வந்தான்?

"சந்தையில் மலிவாக வாங்கினாயே,
அதிலிருந்து ஒட்டியிருக்கும்."
அவன் பதில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எரிச்சல் குறைந்திருக்கும்.

பழுப்பான பஞ்சையெல்லாம் பையில் முடிச்சிட்டு
கையுறை மாற்றிக்கொண்டு
என் பாதியைப் பார்க்கப் போனேன்,
பெருமைக்கு.
மினுங்கும் இலை. இரண்டு மொட்டு.
சண்டை போட்டு வாங்கிய அந்த ஐந்தாவது குமிழ்,
அதன் தோலை மட்டும் அழகுக்கென்று விட்டிருந்தேன்.
நெம்பினேன்.

அங்கேயும்.
வெள்ளைப் பொடியும், வட்டங்களும்,
அன்றைய வெட்டின் விளிம்பில்
பாதியாய் அறுபட்ட பழைய ஓடு ஒன்றும்.
காய்ந்து, இறுகி, கத்தியின் கோட்டிலேயே.
மற்ற பாதி அவனிடம் இருந்திருக்கும்.

"என்ன?" குளியலறையிலிருந்து.
பூசி மெழுக ஒரு கணம் இருந்தது.
"குச்சி தீர்ந்துபோச்சு," என்றேன்.
"பெரிய டப்பாவாய் வாங்கிவா.
இங்கேயும் இருக்கு. முன்னாலிருந்தே."

இரண்டாம் ஞாயிறு, மஞ்சள் தூசிபோல் குஞ்சுகள்,
உருப்பெருக்கியில் பார்த்தால் தூசிக்குக் கால்.
மூன்றாம் ஞாயிறு மழை, மின்சாரமில்லை,
மெழுகுவத்தி ஏற்றப்போனவன் கையைத் தட்டிவிட்டேன்.
ஆல்கஹால், முட்டாளே.
நீண்ட நாளுக்குப் பிறகு சிரித்தோம்.
நான்காம் ஞாயிறு ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்றுமில்லை என்பதை நான் எளிதில் நம்புவதில்லை.
நாட்காட்டியில் ஐந்தாவதையும் வட்டமிட்டேன்.
தொட்டியை எடுத்துப்போகலாமா என்று அவன் கேட்கவில்லை.
கடைசிப் பேருந்து ஆறரைக்கு.
மணி ஆறு இருபது.
என் மொட்டுகளில் ஒன்றைச் சுற்றி, தொடாமல்,
இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறான்.